வெர்னாவின் நீலச் சீட்டு

வெர்னா ட்ரெம்பாத் பாலை மோந்து பார்க்காமல் தேநீரில் ஊற்ற மாட்டாள், அன்று காலையில் வாங்கிய பாலாக இருந்தாலும். வீட்டைப் பூட்டிவிட்டு நாலடி நடந்து, திரும்பி வந்து கைப்பிடியை இழுத்துப் பார்ப்பாள். கேன்டீனில் வாங்கும், மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட பேஸ்டியை இரண்டாகப் பிளந்து உள்ளே நோட்டம் விட்ட பிறகுதான் வாயில் வைப்பாள். ஐம்பத்தாறு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. தேடி வந்த இரண்டு பேரையும் சந்தேகப்பட்டே விரட்டிவிட்டாள் என்று அவளுடைய தங்கை ரோண்டா சொல்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த உத்தியோகத்தைப் பாருங்கள். மாநிலச் சட்டசபையில், சபாநாயகரின் நாற்காலிக்கு நேர் கீழே போட்டிருக்கும் நீள மேசையில், கறுப்பு அங்கியோடு அவள் உட்கார்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கேள்வி நேரத்தில் அவள் செய்கிற வேலை பார்வைக்குச் சின்னதுதான். ஒரு உறுப்பினர் எழுந்து கேள்வி கேட்டதும், அவர் கேட்டது என்ன என்பதை ஒரு நீலச் சீட்டில் பென்சிலால் எழுதி, திரும்பாமலே தலைக்கு மேல் கையை நீட்டுவாள். சபாநாயகர் வாங்கிக்கொள்வார்.

பதில் சொல்ல அமைச்சருக்கு மூன்று நிமிஷம். அவர் ஊர்க்கதை பேச ஆரம்பித்தால், கேட்டதற்கும் பதிலுக்கும் சம்பந்தமில்லை என்று எதிர்க்கட்சிக்காரர் எழுந்து ஆட்சேபிக்கலாம். ஆனால் ஒரு பதிலுக்கு ஒரு தடவைதான். ஆத்திரப்பட்டு முதல் நிமிஷத்திலேயே அதைச் செலவழித்துவிட்டால், மிச்ச நேரம் அமைச்சர் தன் பேரனின் பிறந்தநாள் கேக்கைப் பற்றிப் பேசினாலும் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். ஆட்சேபம் வந்ததும் சபாநாயகர் குனிந்து சீட்டைப் பார்ப்பார். சம்பந்தம் உண்டு என்றால் அமைச்சர் தொடரலாம். இல்லை என்றால் கேள்விக்கு வர வேண்டும், அல்லது உட்கார வேண்டும். சொல்வது மெய்யா பொய்யா என்பது சபாநாயகரின் கவலை இல்லை. கேட்டதைப் பற்றிப் பேசுகிறாரா, அவ்வளவுதான் அவருக்கு.

கேட்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. எவரும் நேராகக் கேட்டுத் தொலைக்க மாட்டார்கள். முன்னால் இரண்டு வரி குத்தல் வைத்து, வாலில்தான் கேள்வியை வைப்பார்கள். அமைச்சர் அந்தக் குத்தலைப் பிடித்துக்கொண்டே மூன்று நிமிஷத்தையும் ஓட்டிவிடுவார். அதனால் வெர்னா குத்தலை எழுதுவதே கிடையாது. வால் மட்டும்தான் எழுதுவாள், ஆறு வார்த்தைக்கு மிகாமல். யாரும் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. மூன்று சபாநாயகர்கள் அந்தச் சீட்டை வைத்துக் காலம் தள்ளிவிட்டுப் போனார்கள்.

நாலாவதாக வந்தவர் ராஸ் பெல்லிங்ஹாம். ஆளுங்கட்சிக்காரர், செம்மறி ஆட்டுப் பண்ணைக் குடும்பம், பெருத்த உடம்பு. கேள்வி நேரத்தில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். தூங்குகிறாரா, கேட்கிறாரா என்று தெரியாது. வந்த முதல் வாரமே வெர்னாவுக்கு அவரைப் பிடிக்கவில்லை.

இனி ரோண்டாவின் விஷயத்துக்கு வருவோம். அக்கா தங்கை இரண்டு பேரும் பிறந்தது டெல்கானாவில். நாலு மணி நேரம் கார் ஓட்டினால் வரும் கோதுமை ஊர். ரோண்டா அங்கேயே நெவிலைக் கட்டிக்கொண்டு இருந்துவிட்டாள். ஒரே மகன் ரீஸ், இருபத்து மூன்று வயது. போன ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி காலையில் ஊருக்கு வெளியே இருந்த ரயில்வே கேட்டில் அவன் வண்டி மேல் கோதுமை ஏற்றி வந்த ரயில் மோதிவிட்டது. அங்கே தடுப்புக்கட்டை கிடையாது, ரயில் வரும்போது எரியும் சிவப்பு விளக்கு மட்டும்தான். ஓட்டியவரின் கவனக்குறைவு என்று போலீஸ் எழுதி முடித்தது. போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டியிருப்பான் என்று ஊர் சொன்னது. நெவிலே ஒருநாள் மதுக்கடையில் உட்கார்ந்து, என் பையன் எந்தக் காலத்தில் ரோட்டைப் பார்த்து ஓட்டினான் என்று சொல்லிவிட்டார். சொன்ன நாளிலிருந்து மனுஷன் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. நுரையீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ஒரு ரயில்வேக்காரர் ரோண்டாவின் காதில் ஒரு சேதியைப் போட்டார். கேட் விளக்கு வெகுநாளாகவே எரியவில்லை, போக்குவரத்து அமைச்சருக்கே அது எழுத்தில் போயிருக்கிறது என்றார். எப்போது போனது? அதுதான் தெரியவில்லை. ஆகஸ்ட் பத்தொன்பதுக்கு முன்னால் என்றால் பழி பையன் மேல் இல்லை. ரோண்டா ஒன்பது கடிதம் எழுதினாள். ஒன்பதுக்கும் ஒரே மாதிரி அனுதாபம் வந்ததே தவிர, தேதி வரவில்லை.

எதிர்க்கட்சி உறுப்பினர் ஷெவோன் மெக்கஸ்கர் இதைச் சபையில் கேட்பதாக ஏற்றுக்கொண்டாள். மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. ரோண்டா மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்தாள். நெவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கணினியை மடியில் வைத்து நேரலையைக் கேட்டுக்கொண்டிருந்தார். வெர்னாவுக்கு ஒரே கவலை. ரோண்டா யாருடைய தங்கை என்று இந்த மேசையில் யாருக்காவது தெரிந்திருந்தால்? தங்கைக்காகக் கேள்வியைச் செதுக்கிக் கொடுத்தாள் என்று நாளைக்கு எவனாவது கிளப்பிவிட்டால்? அதற்கு இடமே கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தாள்.

மெக்கஸ்கர் எழுந்தாள். கிராமங்களை இந்த அரசு கைகழுவிவிட்டது, பஸ் நின்றது, ரயில் நின்றது, பாலங்கள் இடிந்து கிடக்கின்றன என்று அடுக்கிவிட்டு, டெல்கானா கேட் விளக்கு எரியவில்லை என்று அமைச்சருக்கு முதன்முதலில் எந்தத் தேதியில் தெரியும் என்று முடித்தாள். வெர்னா ஒரு சொல் விடாமல் எழுதினாள். சீட்டில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதி மேலே நீட்டினாள்.

அமைச்சர் டாமியன் க்ரோட்டி கிராமச் சாலைகளுக்குத் தன் அரசு செய்ததை விளக்க ஆரம்பித்தார். புதிய பஸ்கள், இரண்டு பாலங்கள், ஒரு ரவுண்டானா. மெக்கஸ்கர் ஆட்சேபித்தாள். சபாநாயகர் சீட்டைப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், பிறகு நிதானமாகச் சொன்னார்.

“கேள்வியில கிராமத்துப் பஸ்ஸும் வருது, பாலமும் வருது. அமைச்சர் சம்பந்தமாத்தான் பேசுறார். தொடரலாம்.”

க்ரோட்டி ரவுண்டானாவைப் பற்றி இன்னும் ஒன்றரை நிமிஷம் பேசிவிட்டு உட்கார்ந்தார். தேதி வரவில்லை. மூன்று வாரம் கழித்து, ஏப்ரலில், நெவில் போய்விட்டார்.

அடக்கத்துக்குப் பிறகு ரோண்டாவின் சமையலறையில் வெர்னா தட்டுகளைத் துடைத்துக்கொண்டே தன் மனதில் இருந்ததைக் கொட்டினாள். சபாநாயகரும் க்ரோட்டியும் கூட்டு, அந்தத் தீர்ப்பு முன்னாலேயே பேசி வைத்தது, சீட்டைப் பார்த்தது வெறும் பாவனை என்றாள். ரோண்டா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிச்சயமாகத் தெரியுமா என்று மட்டும் கேட்டாள். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று வெர்னா வாக்குக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் கண்கொத்திப் பாம்பு மாதிரி ஆனாள். வீட்டில் ஒரு நோட்டுப் போட்டு, எத்தனை ஆட்சேபம், யார் பக்கம் தீர்ப்பு என்று குறித்து வந்தாள். முப்பத்தொன்றில் பத்தொன்பது அமைச்சர்கள் பக்கம். இவளுக்கு அதுவே போதுமான சாட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரைப் பூங்காவில் பெல்லிங்ஹாமும் க்ரோட்டியும் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போவதை அவளே பார்த்தாள். க்ரோட்டி எதையோ சொல்ல, பெல்லிங்ஹாம் தலையைச் சாய்த்து அவர் வாய் பக்கத்திலேயே காதைக் கொண்டுபோய் வைத்துக் கேட்டார். ரகசியம் இல்லாமலா இவ்வளவு நெருக்கம்? வெர்னா ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டு தேதியும் நேரமும் குறித்துக்கொண்டாள். இந்த வயதில் மரத்தின் பின்னால் ஒளிகிறோமே என்று அவளுக்கு வெட்கம் வரவில்லை.

மே மாதத்தில் ஒரு பொறி வைத்தாள். தப்பான காரியம், அது அவளுக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷத்தில் செய்யாத காரியம். விவசாய அமைச்சரிடம் ஒரு கேள்வி வந்தது. பழ ஈ தாக்கி மலைப்பக்கத்தில் எத்தனை ஆப்பிள் தோட்டங்கள் மூடப்பட்டன என்ற சாதாரணக் கேள்வி. வெர்னா சீட்டில் ஆப்பிளுக்குப் பதில் பேரிக்காய் என்று எழுதி நீட்டினாள். சீட்டைப் படிக்கிற சபாநாயகராக இருந்தால், காதில் விழுந்தது ஒன்று, கையில் இருப்பது வேறு என்று உடனே கண்டுபிடித்துக் கேட்பார். கேட்காமல் தீர்ப்புச் சொன்னால் சீட்டு வெறும் வேஷம் என்று தெரிந்துபோகும். இதுதான் அவள் போட்ட கணக்கு.

அமைச்சர் வழக்கம்போல் முந்தைய ஆட்சியைத் திட்ட ஆரம்பித்தார். ஆட்சேபம் வந்தது. பெல்லிங்ஹாம் சீட்டைப் பார்த்தார்.

“ஆட்சேபம் சரிதான். கேள்வி பேரிக்காய்த் தோட்டத்தைப் பத்தினது. அமைச்சர் பேரிக்காய்க்கு வரணும்.”

சபையின் கூரையே பறந்தது. பின் வரிசையில் ஒருவர், ஆரஞ்சுக்கும் வரட்டுமா என்று கேட்டார். இரண்டு கட்சியும் மேசையைத் தட்டிச் சிரித்தன. வெர்னாவுக்குப் பின்னால் சீட்டுச் சரசரக்கும் சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை. சிரிப்பு அடங்கியதும் அமைச்சரே ஆப்பிள் என்று திருத்தினார். சபாநாயகர், கேள்வி ஆப்பிளைப் பற்றியது, தவறு தன்னுடையது, சபை மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சாயங்காலம் அவர் அறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். தானே கதவைச் சாத்திவிட்டு, தேநீரை ஊற்றி, இஞ்சி பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். வெர்னா பாலை மோந்து பார்க்கவில்லை. அந்த நிலைமையில் விஷம் இருந்தாலும் குடித்திருப்பாள்.

“கை தவறிடுச்சா, வெர்னா?”

“இல்ல, மிஸ்டர் ஸ்பீக்கர். வேணும்னேதான் எழுதினேன். நீங்க சீட்டைப் படிக்கிறீங்களான்னு பார்க்க.”

அவர் நாற்காலியை இழுத்து அவளுடைய இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்குப் போட்டுக்கொண்டார்.

“இந்த வலது காது பதினேழு வயசுலயே போச்சு. ஆட்டு ரோமம் வெட்டுற கொட்டகை, நாள் முழுக்க மிஷின் சத்தம். இன்னொரு காதும் இப்பப் பாதிதான். பக்கத்துல நின்னு பேசுற அமைச்சர் பேச்சு ஓரளவு விழும், தூரத்துல இருந்து கேக்குற கேள்வி அந்தக் கூச்சல்ல வெறும் இரைச்சல்தான். காதுல மிஷின் மாட்டினா இரைச்சல் ரெண்டு மடங்கு. வெளிய சொன்னா, செவிட்டு சபாநாயகர்னு மறுநாளே படம் போட்டுடுவாங்க. உன் சீட்டு இருக்கேன்னுதான் இந்த நாற்காலிக்கே ஒத்துக்கிட்டேன்.”

வெர்னா பூங்காவைப் பற்றி, க்ரோட்டியைப் பற்றி ஏதோ குளறினாள். அவர் முதலில் புரியாமல் விழித்தார், புரிந்ததும் சிரித்துவிட்டார்.

“நாய், வெர்னா. ரெண்டும் ஒரே தாய் போட்ட குட்டி. ஞாயித்துக்கிழமை ஒண்ணாப் பார்க்கலைன்னா ஊளையிடுதுங்க.”

அவர் அலமாரியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்தார். அவள் எழுதிக் கொடுத்த சீட்டுகள் அத்தனையும் நாள்வாரியாக ரப்பர் போட்டு அடுக்கியிருந்தன. யாராவது புகார் கொடுத்தால் காட்டுவதற்காம். மார்ச் மாதக் கட்டைப் பிரித்து, இரண்டு பக்கமும் எழுதிய ஒரு சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“இன்னைக்குப் பேரிக்காயைப் பார்த்ததும் இதுதான் ஞாபகம் வந்துச்சு. நீ ஆறு வார்த்தைக்கு மேல எழுதுறவ இல்ல. இது ஒண்ணுதான் நீளம். வெர்னா இவ்வளவும் எழுதினா இவ்வளவும்தான் கேள்வின்னு எடுத்துக்கிட்டேன். அப்புறம் ராத்திரியெல்லாம் உறுத்துச்சு. இதுவும் சோதனையா?”

வெர்னா தன் கையெழுத்தைப் பார்த்தாள். பஸ், ரயில், பாலம். பின்பக்கத்தில் கடைசி வரியாகத் தேதி. க்ரோட்டிக்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்று அதில் தெளிவாக, பென்சிலில், எழுதியிருந்தது. டெல்கானா தன் ஊர் என்றும், செத்தவன் தங்கை மகன் என்றும், அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதினேன் என்றும் சொன்னாள்.

“அப்படியா. எனக்குத் தெரியாதே. இங்க யாருக்குமே தெரியாதுன்னு நினைக்கிறேன்.” அவர் சீட்டைத் திரும்ப டப்பாவுக்குள் வைத்தார். “என்னால கேட்ட கேள்விக்குத்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மறுபடி யாராவது கேட்டா கேக்கட்டும். ஆனா இனிமே பழத்தை மாத்தாதே.”

அவள் நோட்டை அன்றைக்கே கிழித்துப் போட்டாள்.

ஜூன் மாதம், அந்த நாட்டில் அது குளிர்காலம். குளிர்கால விடுமுறைக்குச் சபை கலைய ஒரு வாரம் இருக்கும்போது, மெக்கஸ்கர் வெர்னாவின் அறைக்கு வந்தாள். மார்ச்சில் ஏன் அப்படித் தீர்ப்பு வந்தது, இப்போது எப்படிக் கேட்டால் நிற்கும் என்றாள். எந்தக் கட்சிக்காரர் வந்து கேட்டாலும் விதியை விளக்குவது வெர்னாவின் வேலைதான். முன்னால் ஒன்றும் சேர்க்காமல் கேட்டால் அமைச்சருக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது என்றாள். ஆட்சேபத்தைக் கடைசி நிமிஷம் வரைக்கும் கையில் வைத்திருப்பது நல்லது என்றும் சொன்னாள். குத்தல் இல்லாமல் கேட்டால் பத்திரிகையில் வராதே என்று மெக்கஸ்கர் முகத்தைச் சுளித்தாள். அது உங்கள் இஷ்டம் என்று வெர்னா சொல்லிவிட்டாள். மெக்கஸ்கர் எதைச் செய்வாளோ என்று வெர்னாவுக்கு வாரம் முழுக்கத் தூக்கம் இல்லை.

கடைசி நாள். ரோண்டா விடியுமுன்னே கிளம்பி மழையில் நாலு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து மாடத்தில் உட்கார்ந்தாள். மெக்கஸ்கர் எழுந்து, டெல்கானா கேட் விளக்கு எரியவில்லை என்று அமைச்சருக்கு எந்தத் தேதியில் தெரிவிக்கப்பட்டது என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். அவள் கட்சிக்காரர்களே இன்னும் ஏதோ வரும் என்று திரும்பிப் பார்த்தார்கள். வெர்னா சீட்டில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். எழுதும்போது தங்கையை நினைத்தாள், அதை மறைக்கவும் முயலவில்லை.

க்ரோட்டி அனுதாபத்தில் ஆரம்பித்தார். பாதுகாப்புத்தான் தன் அரசின் முதல் கடமை என்றார். ஒரு நிமிஷம் போனது. ரயில்வே கேட்களுக்கான ஐந்தாண்டுத் திட்டத்தைச் சொன்னார். இரண்டு நிமிஷம். மெக்கஸ்கர் இருக்கையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் இருந்தவர்கள் எழுந்திரு எழுந்திரு என்று முணுமுணுத்தார்கள். ஐம்பது விநாடி மிச்சம் இருக்கும்போது எழுந்தாள்.

பெல்லிங்ஹாம் சீட்டைப் பார்த்தார். வழக்கத்தைவிட அதிக நேரம் பார்த்தார்.

“என் கையில இருக்குற கேள்வி ஒரே வார்த்தை. தேதி. அமைச்சர் இதுவரைக்கும் பேசினது எதுவும் அதுக்குச் சம்பந்தமில்ல. தேதியைச் சொல்லலாம், இல்லேன்னா உட்காரலாம்.”

உட்கார்ந்தால் மறுநாள் ஊரெல்லாம் அதைத்தான் பேசும் என்பது க்ரோட்டிக்குத் தெரியாதா? கோப்பைப் புரட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார். அது இன்னும் முப்பத்தெட்டு விநாடி காட்டியது.

“ஜூலை இருபத்தொன்பது,” என்றார்.

விபத்துக்கு இருபத்தொரு நாள் முன்னால். மாடத்தில் சத்தம் போடக்கூடாது. ரோண்டா போடவில்லை. கைப்பையைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினாள்.

சபை கலைந்ததும் வெர்னா அங்கியைக்கூடக் கழற்றாமல் வெளியே படிக்கட்டுக்கு வந்தாள். ரோண்டா தூணோரம் மழைக்கு ஒதுங்கி நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். அக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கே போலீஸுக்கும் ஊர்ப் பத்திரிகைக்கும் போகப் போவதாகச் சொன்னாள். ரீஸின் கல்லறைக்கும் நெவிலின் கல்லறைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வருவேன் என்றாள். பிறகு அவள் முகம் மாறியது.

“இதே தேதியை மார்ச்சுலயே சொல்ல வெச்சிருக்கலாமே அந்தச் சபாநாயகரு. நீ சொன்னது சரிதான். அவரும் க்ரோட்டியும் கூட்டு. இப்ப என்ன பயமோ, மாத்திக்கிட்டாரு.”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். வெர்னா அதைக் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தாள்.

“கூட்டு இல்ல, ரோண்டா. அவர் என் சீட்டைப் பார்த்துத்தான் சொல்றாரு. மார்ச்சுல நான் பஸ்ஸு பாலம் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டேன். அதனாலதான் க்ரோட்டி தப்பிச்சான்.”

“ஏன் அப்படி எழுதினே?”

“உனக்காகச் சுருக்கி எழுதினேன்னு யாராவது சந்தேகப்படுவாங்களோன்னு.”

“யாரு சந்தேகப்பட்டாங்க?”

வெர்னா யோசித்துப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷத்தையும் யோசித்தாள்.

“யாருமில்ல,” என்றாள்.

ரோண்டா பிடித்திருந்த கையை விட்டாள். கோபமாக விடவில்லை, கார்ச்சாவி எடுப்பதற்காகத்தான். தலைத்துணியைக் கட்டிக்கொண்டு மழையில் இரண்டு படி இறங்கி, நின்றாள்.

“மார்ச்சுல அன்னைக்கு அந்தப் பதில் முடிஞ்சதும் நெவில் எனக்குப் போன் பண்ணாரு, வெர்னா. பார்த்தியா, தேதியே இல்ல, நம்ம பையன்தான் பார்க்காம ஓட்டியிருக்கான்னு சொன்னாரு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கல.”